காவல் நாய் எங்கே உறங்க வேண்டும்? சிங்கப்பூரில் பணிநாய்களுக்கு இருப்பிடம் அமைக்கும் முறை

சுங்கை காடுட்டில் உள்ள ஒரு மரக்கிடங்கில் மூன்று காவல் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அவற்றுக்கு எப்படிப்பட்ட இடம் அமைத்துத் தரலாம் என்று நான் கேட்காத ஆள் இல்லை. கிடங்கின் இரவுக் காவலர் ஒன்று சொன்னார். சிராங்கூன் கார்டன்சில் தரைவீட்டில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கும் என் மைத்துனர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். ராணுவ நாய்ப் பிரிவில் தேசிய சேவை ஆற்றிய என் அக்காள் மகன், இருவர் சொல்வதும் சரியில்லை என்றான். மூவருமே நாய்களோடு பழகியவர்கள், நாய்கள்மீது அன்பு கொண்டவர்கள். ஆகவே யாருடைய பேச்சையும் தள்ளிவிட முடியாமல், ஒவ்வொன்றையும் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது: பணிநாயின் இருப்பிடம் எந்த வகையாக இருந்தாலும், அங்கே அந்த நாயால் வேலையை முற்றிலும் மறந்து உறங்க முடிகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகளும் நேரங்களும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

மூன்று கருத்துகள்

முதலில் இரவுக் காவலரின் கருத்து. அவர் ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவர். "தம்பி, எங்க ஊர்ல பகல் முழுக்கக் கட்டிப் போடுவோம், ராத்திரி அவுத்து விடுவோம். பகல்ல நாலு பேரோட பழகுச்சுன்னா அது காவலுக்கு ஆவாது" என்பார். தோட்டமும் களத்துமேடும் வேலியும் உள்ள ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பலன் தந்த முறை இது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாய் வேப்பமர நிழலில், மண்தரையில் கட்டப்பட்டிருக்கும். வெக்கை ஏறினால் மண்ணைத் தோண்டி ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். இங்கே அதே சங்கிலி சிமெண்டுத் தரையில், அடுக்கிய பலகைகளுக்கு நடுவே கிடக்கிறது. எங்கள் மணி என்ற கறுப்பு நாயை நான் பார்த்த முதல் வாரத்தில், இரண்டு மீட்டர்ச் சங்கிலி பலகைக் கட்டின் காலில் நான்கு சுற்றுச் சுற்றி, ஒரு முழ நீளமே மிஞ்சியிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதன் முன்னங்கால் முழங்கையில் எலுமிச்சை அளவுக்கு நீர்க்கட்டி தொங்கியது. கடினமான தரையில் ஓயாமல் படுத்தெழும் கனத்த நாய்களுக்கு இது வருவதுண்டு என்று மருத்துவர் பிறகு விளக்கினார்.

சங்கிலியில் எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. பயம் வரும்போது விலகிப் போக வழியுள்ள நாய் பெரும்பாலும் விலகிப் போகும்; விலக வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றே வழி. கட்டிய நாய் "நல்ல முரடு" என்று பெயர் வாங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த முரட்டுத்தனத்தில் காவல் திறன் எதுவும் இல்லை, அச்சம்தான் இருக்கிறது. தவிர்க்க முடியாமல் சிறிது நேரம் கட்டியே ஆக வேண்டுமென்றால், தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடும் வளையத்தில், முறுக்கேறாத சுழல்கொக்கியுடன், ஆள் கண்பார்வையில் கட்டுங்கள். நாள் முழுவதற்குமான ஏற்பாடாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மைத்துனரின் கருத்து, நாய் குடும்பத்தோடு வீட்டுக்குள் உறங்க வேண்டும் என்பது. இதைச் சொன்னால் "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்று பழமொழியைத் தொடங்குபவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டுக்குள் வைத்தால் நாய் மென்மையாகிவிடும், வேலையில் கூர்மை போய்விடும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு எதிரான சான்று நம் கண்முன்னே எம்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. வழிகாட்டி நாய் வீட்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்து, பார்வையற்றவரின் கட்டிலுக்கு அருகில் உறங்கி, காலையில் உடலைச் சுற்றிக் கட்டும் மேல்வாரை மாட்டியவுடன் உயிரைக் காக்கும் வேலையைப் பிழையின்றிச் செய்கிறது. மேல்வார் ஏறினால் வேலை, இறங்கினால் ஓய்வு என்பது அதற்கு ஐயமின்றித் தெரியும். பெல்ஜிய ராணுவ நாய்களைப் பற்றி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வும், பயிற்றுநர் தம்மோடு வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாய்கள் கூடுதலாகக் கீழ்ப்படிவதையும் மனிதர்களோடு இணக்கமாக இருப்பதையும் காட்டியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காவல்துறை நாய்கள் பல, பயிற்றுநரின் வீட்டிலேயே வாழ்கின்றன.

அப்படியானால் எல்லாரும் அப்படியே செய்துவிடலாமே என்றால், சிங்கப்பூரில் முடியாது. இங்கு முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினோவா போன்ற இனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இங்கேதான் அக்காள் மகனின் கருத்து வருகிறது. நல்ல கொட்டில், ஒழுங்கான நேரம், தினமும் அதே பயிற்றுநர், இவை மூன்றும் இருந்தால் கொட்டிலில் வாழும் நாயும் நன்றாகவே இருக்கும் என்பது அவன் வாதம். அதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் "நல்ல கொட்டில்" என்ற சொல்லுக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கம்பிவலையும் தகரமும் வாங்கி ஒரே பிற்பகலில் எழுப்பிவிடும் கூண்டை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. என் தீர்ப்பைக் கேட்டால், தரைவீட்டில் வாழும் நாயை இரவில் வீட்டுக்குள் உறங்க விடுங்கள். கிடங்கு, பண்ணை, நாற்றங்கால் போன்ற இடங்களில் கொட்டில் கட்டுங்கள். சங்கிலியை இரண்டிலுமே ஒதுக்கிவையுங்கள்.

கொட்டில் கட்டும் விதம்

மேற்குப் பக்கத்தை முதலில் தீர்மானியுங்கள். பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் சாய்ந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் இடியும் மழையுமாக அடிக்கும் சுமத்ராக் காற்றும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே மேற்குச் சுவர் ஒன்றே இரண்டையும் தடுத்துவிடும்: அதை முழுவதும் அடைத்து விடுங்கள். வடக்கும் தெற்கும் கம்பிவலையாகத் திறந்திருந்தால் ஆண்டின் பெரும்பகுதியில் காற்று குறுக்கே ஓடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை நாள்கணக்கில் விடாது பெய்யும்போது, வடக்குப் பக்கத்தில் இறக்கிக் கட்டுவதற்கு ஒரு தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.

கூரையைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான தவறு நடப்பது இங்கேதான். எங்கள் கிடங்கில் முதலில் இருந்தது ஒற்றைத் தகரக் கூரை. ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு நான் உள்ளே குனிந்து நுழைந்து, நாய் நிற்கும் உயரத்துக்கு என் முகத்தைக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் இருந்தேன். மேலிருந்து இறங்கிய அனல் பிடரியைச் சுட்டது. புறங்கையைத் தரையில் வைத்தால் பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் தம் நாயின் கொட்டிலில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதன் பிறகு தகரத்தின் மேற்புறம் வெள்ளைப் பூச்சு அடித்து, அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒட்டுப்பலகையில் இரண்டாவது கூரை போட்டோம். இடையில் காற்று ஓடுவதால் கீழ்க்கூரையைத் தொட்டால் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. கூரை கொட்டிலைத் தாண்டி முக்கால் மீட்டராவது வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

தரையைச் சிமெண்டால் போடுவதா, மரத்தால் போடுவதா என்பதில் ஓயாத சர்ச்சை உண்டு. சிமெண்டு கழுவ எளிது, விரிசல் இல்லாவிட்டால் கிருமியும் உண்ணியும் அவ்வளவாகத் தங்காது. மரம் மூட்டுக்கு இதம், ஆனால் நம் ஈரப்பதத்தில் ஊறி, பிளவுகளில் உண்ணி குடியேறும். இரண்டையும் பயன்படுத்துவதே வழி. நடமாடும் இடம் சிமெண்டாகவும், சுற்றுத்தரையைவிட 15 செண்டிமீட்டர் உயர்ந்தும், மீட்டருக்கு ஒன்றரை செண்டிமீட்டர் வீதம் வடிகால் நோக்கிச் சரிந்தும் இருக்கட்டும். படுக்கும் இடத்தில், கால்கள் உள்ள கட்டிலில் இறுக்கிக் கட்டிய கித்தான் துணியைப் போடுங்கள். காற்று அடியிலும் ஓடும், முழங்கையும் தரையில் படாது. மணியின் நீர்க்கட்டி, கித்தான் கட்டில் வந்த மூன்று மாதத்தில், ஊசி எதுவும் போடாமலே வற்றியது.

அளவுக்கு ஒரு கணக்கு: நாய் காது உரசாமல் நிற்க வேண்டும், தடையின்றித் திரும்ப வேண்டும், நான்கு காலையும் நீட்டிப் படுத்த பிறகும் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருக்க வேண்டும். தோள் உயரம் 60 முதல் 65 செண்டிமீட்டர் வரை வளரும் ஆண் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு, இரண்டு மீட்டருக்கு நான்கு மீட்டர் என்பதற்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு பெரிய கொட்டிலும் நடைக்கு ஈடாகாது. பெரிய இடத்தில் தனியே விட்ட நாய் தானாக ஓடி விளையாடுவதில்லை, கதவருகே படுத்து ஆளைத்தான் எதிர்பார்த்துக் கிடக்கிறது.

கொட்டிலின் முகப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில், நான் சொல்வதைப் பலர் ஏற்கமாட்டார்கள். வாசற்கதவைப் பார்த்து வைத்தால் பகலிலும் காவல் காக்குமே என்பது வழக்கமான எண்ணம். பாரவண்டி ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது எழுந்து குரைத்த நாய், இரவு பத்து மணிக்குக் களைத்துப் போயிருக்கும். நாங்கள் முகப்பைப் பின்சுவர்ப் பக்கம் திருப்பி, முன்பக்கம் பாதி உயரத்துக்குப் பலகை அடித்தோம். முதல் சில நாள்கள் நாய்கள் தடுமாறின. பிறகு பகலில் பக்கவாட்டில் சாய்ந்து, கால் துடிக்கக் கனவு கண்டு உறங்கத் தொடங்கின. அப்படி உறங்கிய நாய் இரவில் தேவையில்லாமல் குரைப்பதும் குறைந்தது.

வெக்கையும் தண்ணீரும்

நாய் வியர்வையால் குளிர்வதில்லை, மூச்சிரைப்பால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த மூச்சிரைப்பு பயனற்றுப் போகும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்; மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும், ஆனால் அப்போது வெப்பம் 31, 32 டிகிரியில் நிற்கும். அதனால் "காலையில் குளுமையாக இருக்கிறது, எவ்வளவு நேரமும் ஓட விடலாம்" என்று நம்பிவிடக் கூடாது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறரைக்குப் பிறகும் பயிற்சி வையுங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், பிறகு காற்றாடி முன் ஓய்வு, மூச்சு சீரான பிறகே மறுபடி. கொட்டிலில் சுவர்க் காற்றாடி கட்டாயம் வேண்டும்; அதன் மின்கம்பி நாயின் வாய்க்கு எட்டாத குழாய்க்குள் செல்லட்டும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38லிருந்து 39 டிகிரி வரை இருக்கும். 41 டிகிரியை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தொங்குதல், எச்சில் கெட்டியாக வடிதல், நடை தள்ளாடுதல், வாந்தி ஆகியவை அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்நீரை வயிறு, தொடையிடுக்கு, கழுத்து எங்கும் தொடர்ந்து ஊற்றி, காற்றாடியைத் திருப்பி வையுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிர்வித்து, பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் போயே ஆக வேண்டும், ஏனெனில் உள்ளுறுப்புகளின் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும்.

தண்ணீர்க் கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் கொட்டி, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு விளிம்பில்தான் முட்டையை ஒட்டுகிறது. நீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது பூந்தொட்டித் தட்டைப் போலவே இதையும் பார்ப்பார்கள். கொசுவால் நாய்க்கும் கேடு உண்டு: இதயப்புழு அதன் வழியாகத்தான் பரவுகிறது. மாதந்தோறும் தடுப்பு மருந்து தருவதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உண்ணி மருந்தும் அவ்வாறே. எலிகள் நடமாடும் கிடங்கில், எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள், அது மனிதரையும் தாக்கும் நோய்.

உணவைப் பற்றி ஆளுக்கொரு கட்சி உண்டு. அதில் நான் இறங்கவில்லை. எந்த உணவானாலும் வேலைக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேர இடைவெளி விடுங்கள் என்பதே போதும். ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

சட்டம் சொல்வது

தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்குநல மருத்துவப் பிரிவிடம் ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் பெற வேண்டும், மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. கருத்தடை செய்தால் காவலுக்கு ஆகாது என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் மூன்று நாய்களும் கருத்தடை செய்யப்பட்டவைதான். அவற்றின் காவலில் ஒரு குறையும் இல்லை. பெண் நாயின் வாசம் பிடித்து வேலியைத் தோண்டும் வேலைதான் நின்றது. தனியார் வளாகத்தில் பொதுவாக மூன்று நாய்கள் வரை வைத்திருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டோபர்மேன் போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்கள். அவற்றுக்கு 100,000 வெள்ளிக் காப்புறுதி வேண்டும், பொது இடத்தில் வாய்மூடியும் வாரும் இருக்க வேண்டும், வளாகத்திலிருந்து தப்பிக்க முடியாத வேலி வேண்டும். வாய்மூடி என்றால் மூச்சிரைக்க இடம் தரும் கூடை வகையை வாங்குங்கள். வாயை இறுக்கும் துணி வகை நம் வெக்கையில் மிகவும் ஆபத்தானது.

ஓய்வுபெற்ற நாயை வீட்டுக்கு அழைக்கும்போது

அரசாங்கப் பிரிவுகளின் நாய்கள் ஏறக்குறைய எட்டு வயதில் ஓய்வு பெறுகின்றன. 2012இல் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்காகத் தொடங்கப்பட்ட 'அடோர்' திட்டம் பிறகு விரிவாக்கப்பட்டதால், ஓய்வுபெற்ற மோப்ப நாய்களை வீவக வீட்டிலும் தத்தெடுக்க வழி பிறந்திருக்கிறது. கொட்டிலிலேயே வாழ்ந்த நாய்க்கு வழுக்கும் தரையோடு, மின்தூக்கிக் கதவு, பிரஷர் குக்கர் விசில், விருந்தாளியின் காலணிக் குவியல் எல்லாமே புதிது. முதல் இரண்டு வாரம் ஓர் அறையிலேயே கட்டிலும் கிண்ணமும் வைத்து, நடைபாதையில் ரப்பர்ப் பாய் விரித்து, அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஓர் அறையாகத் திறந்துவிடுங்கள். உறங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், பெயர் சொல்லி அழையுங்கள். அண்டைவீட்டார் அனைவரும் நாயைத் தொட விரும்புவதில்லை, சமயக் காரணங்களும் இருக்கலாம், மின்தூக்கியில் ஆள் இருந்தால் "வரலாமா?" என்று கேட்டுவிட்டு, வாரைக் குறுக்கிப் பிடித்து நுழையுங்கள், அல்லது அடுத்ததற்குக் காத்திருங்கள். வெடிமருந்தை மோப்பம் பிடித்தே வாழ்ந்த நாய்க்கு வேலையில்லாமல் இருப்பதும் சுமைதான். தீவனத் துணுக்குகளைத் துண்டுக்குள் சுருட்டி ஒளித்து, நாளுக்குப் பத்து நிமிடம் தேட விடுங்கள்.

விடுமுறையும் குத்தகையும்

சீனப் புத்தாண்டுக்குக் கிடங்குகள் நாள்கணக்கில் மூடப்படும். நான் முன்பு வேலை பார்த்த வேறோர் இடத்தில், சாவி வைத்திருந்தவர் மற்றவர் வருவார் என்று நினைக்க, மற்றவர் இவர் வருவார் என்று நினைக்க, ஒரு நாய் இரண்டு பகல் இரண்டு இரவு ஒரே கிண்ணம் தண்ணீரோடு அடைந்து கிடந்தது. மூன்றாம் நாள் நான்தான் கதவைத் திறந்தேன். அது குரைக்கவில்லை, எழவும் இல்லை. வாலை மட்டும் தரையில் ஒரு முறை தட்டியது. பிழைத்துக்கொண்டது என்றாலும், அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு கொட்டில் கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டேன்: ஒவ்வொரு வேளைக்கும் ஒருவர் பெயர், வந்தவர் நேரத்தை எழுதிக் கையொப்பம் இடுவார், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். படம் இரவு எட்டு மணிக்குள் வராவிட்டால் இரண்டாவது சாவி வைத்திருப்பவர் கிளம்பிவிட வேண்டும்.

குத்தகை முடிந்து நிறுவனம் இடம் மாறும்போது நாய்கள் பின்தங்கி விடுவதும் இங்கே நடக்கிறது. தொழிற்பேட்டைகளில் அலையும் நாய்களில் சில, ஒரு காலத்தில் பெயரும் கிண்ணமும் உள்ளவையாக இருந்தவைதான். ஆகவே நாயைக் கொண்டுவரும் நாளிலேயே உரிமத்தில் யார் பெயர் இருக்கும், இடம் மாறினால் நாய் யாரோடு போகும், வேலை செய்ய முடியாத வயதில் எங்கே படுக்கும் என்ற மூன்றையும் எழுதி முதலாளியிடம் கையொப்பம் வாங்குங்கள். மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இரவுச் சுற்றுக்கு அது போவதில்லை. காவலரின் அறைக்குள், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், அதே கித்தான் கட்டிலில் படுத்திருக்கிறது.